அக்காவை இறக்கிய கயிறு

எங்கள் அக்கா மன்னார்க் கரையோர மீனவர் குடும்பத்தில் பிறந்து, கண்டியில் ஹந்தானை மலையடிவாரத்தில் கண்மூடினார். நடுவில் யுத்தம், இடப்பெயர்வு, அத்தானின் நீண்ட நோய். உறவினர் அறிந்த அவற்றைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

அவருடைய முன்னறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அத்தான் மறைந்த பின் அதை எங்கள் கரையின் காட்சிச்சாலை ஆக்கினார். ஊரில் பழசென்று எறியவிருந்த வலைகளும் மிதப்புக்கட்டைகளும் நங்கூரக் கல்லும் பஸ் ஏறி வந்தன. பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களும் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளைகளும் பார்க்க வருவார்கள். கண்டி ஈரத்தில் வலையெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். "தம்பி, வெயில் எறிக்குது, வலையை மேல கொண்டு போ" என்பார். மொட்டைமாடிக்குச் சுமந்து சுமந்து எனக்கு அலுத்துவிட்டது.

"கடலில்லாத ஊரில இதெல்லாம் ஏன் அக்கா?" என்று ஒருநாள் சினந்தேன்.

"கடலுக்குப் பக்கத்தில இருக்கிறவன் இதைப் பார்க்க வருவானோ?" என்று சிரித்தார்.

சுவரில் மாட்டியிருந்த கரைவலைக் கயிற்றை மட்டும் எவரும் தொடக் கூடாது. அது ஐயா வலை இழுத்த கயிறு. எங்கள் கரையில் ஒருவர் இறந்தால், அந்த வீட்டு வலைக்கயிற்றால்தான் பெட்டியைக் குழிக்குள் இறக்குவோம். பிறகு அதைக் கடலில் அலசித் திரும்பத் தொழிலுக்கு எடுப்போம். ஐயாவையும் அம்மாவையும் இறக்கியது அதுவே.

அடக்கத்தன்று சேமக்காலைக்குப் புறப்படும்போது, ஊரிலிருந்து வந்திருந்த சின்னமாமா அதைக் கழற்றினார்.

"மாமா, அது தொடக் கூடாத சாமான். அக்கா ஏசுவா."

"ஏசட்டும். எங்கட ஆக்களை எங்கட கயிறுதான் இறக்கும்."

பழங்கயிறு அறுந்துவிடுமோ என்று நடுங்கினேன். அறவில்லை. அக்காவைப் பத்திரமாக இறக்கியது. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அங்கேதான் வந்தது.

அறையை இனிப் பூட்டிவிடு என்று பலரும் அன்போடு சொன்னீர்கள். எனக்கும் அந்த எண்ணமே இருந்தது, முதுகும் இடந்தராது. ஆனால் கயிறு இன்னும் கண்டி மண்ணோடு கொடியில் கிடக்கிறது. குழாய்த் தண்ணீரில் கழுவ மனம் வரவில்லை.

அக்காவை நோயில் பார்த்த தாதியருக்கும், செபம் சொன்ன சுவாமிக்கும், எங்கள் அடுப்பு மூட்டாத நாட்களில் சோறு கொண்டுவந்த லயத்துப் பெண்களுக்கும், குழி வெட்டியவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. இன்னும் ஓர் உதவி கேட்கிறேன். இந்த நினைவுமலரோடு மன்னாருக்குத் திரும்புகிறவர்களில் ஒருவர் அந்தக் கயிற்றையும் கொண்டுபோய்க் கடலில் அலசுங்கள். காய்ந்ததும் கண்டிக்கே அனுப்பிவிடுங்கள். அதற்கு இப்போது முன்னறைச் சுவரில்தான் தொழில். ஆணியை நான் பிடுங்கவில்லை.