மடியில் வந்த பார்சல்: பேராதனையிலிருந்து கலஹாவுக்கு

கலஹாவுக்கு யாரும் ஊர் சுற்றப் போவதில்லை. நானும் அதற்காகப் போகவில்லை. போன புரட்டாசியில் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் என் இடது கால் செருப்பு கழன்று விழுந்தது. எனக்குத் தெரியவே இல்லை. ஒரு பெண் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். அன்றிலிருந்து பின்பட்டி வைத்த செருப்புத்தான். தனியாக இருப்பவளுக்கு இதையெல்லாம் வீட்டில் சொல்லி அழ ஆள் கிடையாது.

ஐப்பசியில், பேராதனை ஆஸ்பத்திரி வைத்தியரைப் பார்க்க அதிகாலை ரயிலில் கிளம்பினேன். கண்டி வரை போகாதீர்கள், பேராதனைச் சந்தியிலேயே இறங்கிவிடுங்கள். ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம், வலது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். நான் பாதி வழி தூங்கிவிட்டேன், அது வேறு கதை.

வைத்தியர் யாழ்ப்பாணத்துக்காரர். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாளில் நீளமாக ஒரு கோடு கிழித்தார்.

"உங்கட முள்ளந்தண்டில இருக்கிற ஒரு நரம்புக் கலத்தின்ர வால்தான் இது. கால் வரைக்கும் போகுது, கிட்டத்தட்ட ஒரு மீட்டர். என்ன புரதம் செய்ய வேணும் எண்ட சேதி மேல, கலத்தின்ர கருவிலதான் உண்டாகும். அதுதான் ஆர்.என்.ஏ. அதைச் சுத்திக் கட்டி, தண்டவாளம் மாதிரி ஒரு இழையில இழுத்துக்கொண்டு போற எஞ்சின்கள் இருக்கு. வழியில ஆரும் வாசிக்கேலாது. போய்ச் சேர்ந்த இடத்திலதான் கட்டு அவிழும், புரதமும் அங்கயே உண்டாகும்."

"எனக்கு?"

"அந்த இழுவையில பிழை எண்டு சந்தேகம். நீளமான நரம்புதான் முதல்ல தாக்குப்படும். கூடப் பிறந்தவை ஆரும் இருக்கினமோ? அவையின்ர ரத்தத்தையும் பாத்தால் பரம்பரையோ எண்டு தெரியும்."

ஓர் அண்ணன் இருக்கிறார், கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அம்மா போன பிறகு தீபாவளிக்கு ஒரு போன், அவ்வளவுதான் எங்களுக்குள். அன்றைக்கே அவரைப் போனில் கூப்பிட்டு, வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். எதற்கென்று சொல்லவில்லை.

கலஹா பஸ் பேராதனையில் நிறைந்துதான் வரும். சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இடம் கிடைத்தது, கூடவே ஒரு பார்சலும். இந்தப் பாதையில் பஸ்தான் தபால்: கண்டிக் கடைக்காரர் சாமானைக் கட்டி, இறக்க வேண்டிய ஹோல்ட்டின், அதாவது பஸ் நிறுத்தத்தின், பெயரை மட்டும் எழுதிக் கொடுப்பார், அங்கே உரியவர் வந்து நிற்பார். முன்னால் வைக்க இடமில்லாமல் கொண்டக்டர் ஒன்றை என் மடியில் வைத்தார்.

"நீங்க எறங்குற ஹோல்ட்டுக்குத்தாங்க. கொஞ்சம் புடிச்சுக்கங்க."

பத்திரிகைத் தாளில் சுற்றிய கட்டு, கனமில்லை. பல்கலைக்கழகம் தாண்டி, தேயிலை தொடங்கி, மழையும் தொடங்கியது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அதை அணைத்தபடி, சொல்லக் கூசுகிற ஒன்றை நினைத்துக்கொண்டு போனேன். அண்ணனுக்கும் இது இருக்க வேண்டும் என்று. உலகத்தில் இன்னும் ஒரு ஆளுக்காவது என் கால் புரியட்டுமே என்று.

இறங்கினேன். ஹோல்ட்டில் யாரும் இல்லை. டிரைவர் இரண்டு முறை ஹோர்ன் அடித்துவிட்டு, பஸ்ஸை எடுக்காமலே இருந்தார்.

"அந்த அண்ணே மெதுவாத்தான் வருவாரு. நாங்க நின்னு குடுத்துட்டுத்தாங்க போவோம்" என்றார் கொண்டக்டர்.

மேலே தோட்டத்திலிருந்து வரும் படிக்கட்டில் ஒருவர் கம்பைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியையும் கண்ணால் பார்த்துப் பார்த்து இறங்கி வந்தார். என் அண்ணன். ரப்பர் செருப்பைக் கணுக்காலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தார்.

"வா தங்கச்சி. அது நம்ம பார்சல்தான், குடு."

வீட்டில் பிளேன்டீ ஊற்றி வைத்துவிட்டு அவரே கட்டை அவிழ்த்தார். உள்ளே பின்பட்டி வைத்த செருப்பு.

"மழைக்கு வழுக்குதுல்ல, அதுக்குத்தான்" என்றார், என்னைப் பார்க்காமல்.

நான் என் காலை நீட்டிக் காட்டினேன். அவர் பட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன் தங்கச்சி."

பஸ்ஸில் ஆசைப்பட்டது அப்படியே கிடைத்துவிட்டது. நான் அழுத அழுகைக்கு அண்ணன்தான் துண்டு கொடுத்தார். இப்படியா ஒரு துணை கேட்பேன்?

போகிறவர்களுக்கு: கலஹா பக்கம் குடை கட்டாயம். கீழே போகும் பஸ்ஸைக் காலையிலேயே பிடித்துவிடுங்கள். யாராவது மடியில் பார்சல் வைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கூடப் பிறந்தவர் இருந்தால், தீபாவளி வரை காத்திருக்காதீர்கள்.

மறுநாள் காலை பேராதனைக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன். பஸ் படியிலிருந்து இறங்கும்போது அண்ணன் என் கால்களைப் பார்த்துக்கொண்டார், நான் அவர் கால்களை.