பாதிப் பஞ்சு

பாதி. மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். புஷ்பா கத்தரிக்கோலை எடுத்து, மீன்தொட்டி ஃபில்டரின் பஞ்சைச் சரிபாதியாக நறுக்குகிறார். நைந்து போன பஞ்சு, தொட்டாலே உதிர்கிறது. ஒரு பாதி குப்பைக்கு. மறுபாதியைத் தொட்டியிலிருந்தே மொண்ட தண்ணீரில் லேசாக அலசி, திரும்பப் பெட்டிக்குள் வைக்கிறார். அதற்குப் பக்கத்தில் புதுப் பஞ்சு. குழாயடிப் பக்கமே போவதில்லை.

இத்தனைக்கும் இவர் நாச்சாரத்தில் ஒரு மசாலாப்பொடி ஆலையின் பேக்கிங் சூப்பர்வைசர். வாசலில் நின்று எல்லார் நகத்தையும் சோதித்துத்தான் உள்ளே விடுவார். அங்கே தெலுங்கிலும் இந்தியிலும் கேட்பதை வீட்டில் கணவர் வெங்கட்டிடம் தமிழில் கேட்பார். "கைய காட்டுங்க." வெங்கட்டும் தட்டுக்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டி, "ஹவ், ஆமா, கழுவியாச்சு சூப்பர்வைசரம்மா" என்பார்.

போன ஆயுத பூஜைக்கு அந்தச் சுத்தம்தான் வினையாயிற்று. தையல் மெஷின், மிக்ஸி, ஸ்கூட்டர் என்று தேய்த்துக்கொண்டே வந்த புஷ்பா ஃபில்டரையும் விடவில்லை. குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரில் பஞ்சைப் பிழிந்து பிழிந்து வெளுக்க வைத்து, மொட்டைமாடியில் காயப்போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து மாட்டினார். அந்தப் பழுப்பு அழுக்கில்தான் மீன் கழிவைத் தின்று தண்ணீரைக் காக்கும் கிருமிகள் குடியிருந்தன. மொத்த ஷிஃப்டையும் ஒரே நாளில் வெளியே தள்ளினால் ஆலை ஓடுமா? கழிவு அம்மோனியாவாக ஏறியது. பூஜை விடுமுறை முடிவதற்குள் மீன்கள் மிதந்தன. ஒரு கண் மங்கிய ஆரஞ்சு மீன் மட்டும் பிழைத்தது. அதன் பெயர் ரௌடி.

எல்லாம் மகள் வர்ஷினி வாங்கி வளர்த்தவை. பெங்களூரில் வேலை கிடைத்துப் போகும்போது அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். இப்போதும் வீடியோவில் கூப்பிட்டால் முதல் பேச்சு, "அம்மா, ரௌடி எக்கட? சூபிஞ்சு" என்று மீனைக் காட்டச் சொல்வதுதான். அம்மா முகமெல்லாம் அப்புறம்தான். செத்த மீன்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. "ரெண்டு திட்டு திட்டியிருந்தா தேவலை" என்பார் புஷ்பா.

இந்த வருஷமும் பூஜை வந்துவிட்டது. பஞ்சும் பார்த்து அதே வாரத்தில் நைந்துவிட்டது.

"ஏன் புஷ்பா, ஊரே பளபளன்னு தேய்க்குது. இந்த நாத்தத்துக்குமா பொட்டு வெக்கப் போறே?" என்றார் வெங்கட்.

"கழுவறது நக்கோ, வேணாம். அதுல கை வெச்சீங்க, சுண்டல் கிடையாது. புதுசு வேலை பழகற வரைக்கும் பழசு கூடவே இருக்கட்டும்."

பூஜையன்று காலை ரௌடி தீனிக்கு மேலே வராமல் அடியில் ஒதுங்கிக் கிடந்தது. புஷ்பா ஒரு கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினார். பச்சையானால் விஷம். மஞ்சள் என்றால் நல்ல தண்ணீர். குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். வெங்கட்டும் மணியை அடிக்காமல் கையில் பிடித்தபடி நின்றார்.

குழாய் மஞ்சளாகவே இருந்தது. புஷ்பா மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டு, பாசி வழுக்கும் அந்த ஃபில்டர் பெட்டியைத் துடைக்காமலே அதன் மேல் ஒரு பொட்டு வைத்தார்.

அம்மோனியா: பூஜ்யம்.