எட்டு மெஷினுக்கும் ஒரே வரி

அன்றைக்கு மாடி அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஏலக்காய் வியாபாரத்திலேயே தலை நரைத்த முதலாளி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு போடிக்கு வந்திருந்த அவருடைய மருமகன். டீ டம்ளர்களோடு வாசல்படியில் நின்ற கணக்கெழுதும் அக்கா. அப்புறம் நான். வேறு ஆள் கிடையாது. ‘நானும் அங்கே இருந்தேன்’ என்று பின்னால் வேறு யாராவது சொன்னால் அது பொய்.

நான் ராசிங்காபுரத்துக்காரன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு கேபிள் டிவிக்கு ஒயர் இழுக்கப் போனேன். பிறகு கோயம்புத்தூரில் சர்வர் அறைகளில் ஒயர் இழுத்தேன். அங்கே ஒயரைச் சொருகியவனே கீபோர்டில் நாலு வரி அடித்து ஓடுகிறதா என்று காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அப்படிக் கற்றுக்கொண்டதுதான் என் படிப்பு.

ஏலக்காயைப் படம் பிடித்துத் தரம் பிரிக்கிற மெஷின் செய்ய வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. எது நல்ல பச்சை, எது வெடித்தது, எது பூச்சி கடித்தது என்று கம்ப்யூட்டர் படித்துக்கொள்ள லட்சக்கணக்கில் படங்கள் எடுத்து வைத்திருந்தார்கள். படங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து வைக்க இரண்டு சேமிப்புப் பெட்டி. ஒரே நேரத்தில் அதிலிருந்து எடுத்துப் படிக்க எட்டு கம்ப்யூட்டர் மெஷின். எட்டையும் பெட்டிகளோடு சேர்த்துவிடுவது என் வேலை.

ஒவ்வொரு மெஷினுக்கும் இரண்டு ஒயர் போகும். ஒன்று ஆபீஸ் லைன். பில் போடுவதும் கேமராவும் அதில் ஓடும். இன்னொன்று வேக லைன், படங்களுக்காக மட்டும். எந்த ஒயர் வழியாகப் போய்ப் படத்தைக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு மெஷினிலும் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியில் இருப்பது ஒயர் சொருகிய கார்டின் பெயர். முதலில் வாங்கிய ஐந்து மெஷினில் வேக லைன் கார்டுக்கு ‘ஈத் ஒன்’ என்று பெயர். பின்னால் வேறு கடையில் வாங்கிய மூன்றில் அதே ‘ஈத் ஒன்’ ஆபீஸ் லைனுக்குப் போய்விட்டது. அதனால் அந்த மூன்றுக்கும் வேறு வரி எழுதினேன். எனக்கு எதிலும் பயம். மூன்று தடவை சரிபார்த்தேன். எட்டு வரியையும் நோட்டில் எழுதி வைத்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனவன் ஒயர் சொருகிய இடத்தில் ஒரு விளக்கு எரிந்ததா என்று சந்தேகம் வந்து திரும்ப நடந்து வந்து பார்த்தேன். எரிந்தது.

வேலை முடிந்த அன்று முதலாளி என் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

“ஏன் அப்பு, அஞ்சுல ஒண்ணு, மூணுல ஒண்ணா எழுதியிருக்க? ஒரே மூட்டையில ரெண்டு தரம் கலந்த மாதிரில்ல இருக்கு. இப்பிடி வச்சா ஏலத்துல எவன் வெல கேப்பான்?”

“கார்டு வேற மொதலாளி. அதான் பேரும் வேற.”

“பாக்குறதுக்குச் சீரா இருக்கணும்யா.”

“நான் ஒண்ணாக்கிடுறேன் மாமா,” என்றார் மருமகன். வேணாம் சார், வேணாம் சார் என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போன பிறகு முதல் மெஷினின் வரியை எடுத்து எட்டுக்கும் ஒட்டியிருக்கிறார். அதோடு விட்டிருந்தால்கூட அந்த மூன்று மெஷினும் பெட்டி கிடைக்கவில்லை என்று நின்றிருக்கும். கோளாறு அன்றைக்கே தெரிந்திருக்கும். ஒன்று போனாலும் ஒன்று இருக்கட்டும் என்று சேமிப்புப் பெட்டிகளிலும் ஆபீஸ் லைனைச் சேர்த்து எழுதிவிட்டார். அதனால் எதுவும் நிற்கவில்லை. மூன்று மெஷினும் பில் போடுகிற ஒயர் வழியாகப் படங்களை இழுத்தன. எட்டும் ஒன்றுக்கொன்று காத்திருந்து செய்கிற வேலை அது. மூன்று தவழ்ந்தால் எட்டும் தவழும்.

இரண்டு வாரம் கழித்து, எட்டும் மெதுவாக ஓடுகிறது என்று கூப்பிட்டார்கள். நான்கு பேர் இருந்த நாள் அதுதான். ஒவ்வொரு ஒயரிலும் எவ்வளவு போயிருக்கிறது என்று கணக்குக் காட்டச் சொல்லி மெஷினைக் கேட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்றில் ஆபீஸ் லைன் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டு, சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

“நான் அப்பவே சொன்னேன் மாமா,” என்றார் மருமகன். “கேபிள் டிவிக்காரன்ட்ட குடுக்குற சோலியா இது? இவன் இழுத்த ஒயர்ல சீரியல்தான் பாக்கலாம். ஒம்பதாப்பு!”

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். “சரி சரி, இவனுக்குத் தர வேண்டிய கூலிப் பாக்கிய நிறுத்தி வைங்க.”

திறந்த வாயை மூடினேன். “ஒயரு நல்லாத்தான் இருக்கு சார். நீங்க படிச்சவரு, பாத்துக்கங்க,” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

படியில் அக்கா பின்னாலேயே வந்தார். “தம்பி, என்னன்னு ஒனக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல? மொகத்துலயே இருக்கு.”

“தெரியும்க்கா.”

“சொல்லிட்டுக் காச வாங்கிட்டுப் போக வேண்டியதுதான?”

“சொல்லிட்டா அப்புறம் எதுக்குக்கா தருவாங்க?”

“அப்பச் சொல்லாத,” என்றார். “என் சம்பளத்துக்கு மட்டும் வேட்டு வச்சுராத.”

வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. நான்தான் வேண்டுமென்றே கெடுத்தேன் என்று அவர்கள் சொல்லிவிட்டால்? நோட்டைத் துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்தேன். படத்தைத் தம்பி போனுக்கும் அனுப்பி வைத்தேன். ஆனாலும் போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

தரம் பிரிக்கிற மெஷினை வாங்கலாமா என்று பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். படிப்பு பாதிகூட முடியாத மெஷின் முதல்தரக் காயையெல்லாம் பூச்சிக்காய் என்று தள்ளியதாம். வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்களாம். அக்கா போனில் சொன்னார். அன்றைக்கு இரண்டு தோசை கூடவே சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் ஒயரையெல்லாம் மாற்ற வேண்டும் என்று அழைப்பு வந்தது. வெரசா வரக்கூடிய வேறு ஆள் போடியில் இல்லை. கூலியை முன்னாலேயே வாங்கிக்கொண்டு, நான் போட்ட நல்ல ஒயரை உருவிவிட்டு வேறு நல்ல ஒயர் போட்டேன். எல்லா ஒயரையும் சேர்க்கிற, விலை உயர்ந்த புது சுவிட்ச் ஒன்றும் வந்திருந்தது. மருமகன் பக்கத்திலேயே நின்றார். “ஒயரு போதுமா சார், இன்னும் ஒரு பெட்டி வாங்கலாமா?” என்று கேட்டேன். வாங்கினார். எட்டும் அதேபோலத் தவழ்ந்தன.

கடைசியில் முதலாளியே பேசினார். “அப்பு, என்னதான்யா கோளாறு?”

“மூணு மெஷின்ல ஒரு வரி. அப்பறம் பெட்டியில சேத்த லைன எடுக்கணும். டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிரும் மொதலாளி.”

“அட, வந்து செஞ்சு குடுய்யா.”

“பழைய பாக்கி?”

“சோலிய முடி, பாத்துக்கலாம்.”

“பாக்கி வந்தாத்தான் வருவேன்.”

“ஒரு வரிக்கு அம்புட்டுக் காசா?”

“வரி சும்மா மொதலாளி. காசு அன்னைக்கு இழுத்த ஒயருக்கு.”

போனை வைத்துவிட்டார். மூன்று மெஷினுக்கான வரி என் நோட்டில், ஆறாவது பக்கத்தில் இருக்கிறது. மாடியில் எட்டும் இன்னும் தவழ்வதாக அக்கா சொல்கிறார்; அவருக்குச் சம்பளம் வந்துகொண்டுதான் இருக்கிறது. எனக்கு வர வேண்டியது நாற்பத்தோராயிரத்து ஐந்நூறு ரூபாய்.