முனாப்பின் கழுகுக் கண்

பொம்மிடியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த முனாப்புக்குத் தன் கண்களைப் பற்றி ஏகப்பட்ட பெருமை. சாயங்காலமானால் கடையை மைத்துனன் தலையில் கட்டிவிட்டு, அரைக்கால் சட்டையோடு பள்ளி மைதானத்துக்குப் பூப்பந்து ஆடக் கிளம்பிவிடுவார். ஐந்து பேர் அணியில் அவருக்குப் பின்வரிசை. எதிராளி அடித்த மஞ்சள் நூல் பந்து எங்கே இறங்குமோ அங்கே முன்கூட்டியே போய் நிற்பார். அதில் பொய்யில்லை. எப்படி என்று கேட்டால்தான் பொய் ஆரம்பிக்கும்.

"கண்ணுய்யா! கழுகுக் கண்ணு! பந்து பேட்ட விட்டுக் கிளம்பறது எனக்குத் தனியாத் தெரியும்."

பொழுது சாய்ந்து மற்றவர்கள் பந்து தெரியவில்லை என்று புலம்பும் நேரத்தில் அவர் ஆட்டம் இன்னும் நன்றாக இருக்கும். அதையும் கண்ணின் கணக்கில்தான் எழுதிக்கொள்வார். கழுகு இருட்டுவதற்குள் கூடு சேர்ந்துவிடும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

முன்வரிசையில் ஆடிய தீர்த்தகிரி, ரேஷன் கடையில் எடை போடுகிறவர், ஒருநாள் சொல்லிப் பார்த்தார்.

"பாய், நீங்க பந்தைப் பாக்கறதுக்கு முந்தியே நகந்துடறீங்க. பேட்டுல படற சத்தம் கேட்டு ஓடறீங்க. ஓங்கி அடிச்சா ஒரு சத்தம், தேச்சு வுட்டா ஒரு சத்தம்."

"நீ மண்ணெண்ணெய் ஊத்தற வேலையப் பாரு. காதால எவனாவது பந்தாடுவானா?"

எண்பத்தைந்தாம் வருஷம் பொம்மிடியிலேயே போட்டி நடந்தது. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கத் தர்மபுரியிலிருந்து தேர்வாளர்கள் வருவதாகப் பேச்சு. ஒவ்வொரு வருஷமும் முனாப்பைத் தாண்டிப் போன அணி அது. முப்பத்தைந்தை நெருங்குகிறவருக்கு இன்னொரு வாய்ப்பு வராது. அந்த அணியின் பனியனை ஒருமுறையாவது போட்டுவிட வேண்டும் என்று அவருக்கு வெறி. பயிற்சியைக் கூட்டினாரா? இல்லை. மைக் செட் வைத்தார். ஆடுகளத்தின் ஓரத்து வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டச் சொல்லி, தம் பேரை விடாமல் சொல்ல மைக் செட்காரன் அர்ச்சுனனை உட்கார வைத்தார். கண் குளிர்ச்சிக்கு இமை நிறைய சுர்மாவும் தீட்டிக்கொண்டார்.

எதிரணி பாப்பிரெட்டிப்பட்டி. முதல் பந்து வருவதற்குள் ஸ்பீக்கர் அலறியது.

"இதோ, கழுகுக் கண் முனாப் பாய்! அசையாம நிக்கிறாரு பாருங்க!"

அசையாமல்தான் நின்றார். பந்து அவருக்குப் பின்னால் விழுந்தது. அடுத்ததற்குப் பின்னால் ஓடினார், அது வலையை ஒட்டி விழுந்தது. பேட்டில் பந்து பட்ட சத்தம் ஒன்றுகூட அவர் காதுக்கு வரவில்லை. வருவதெல்லாம் அவர் பேர்தான். எதிரணி மாதையன் சத்தத்தை நம்பி ஆடுகிறவன் அல்ல, இவர் தோள் திரும்பும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிதானமாக மறுபக்கம் அடித்தான். முனாப் கண்ணைக் கசக்கினார். வியர்வையோடு சுர்மா கரைந்து கன்னத்தில் கறுப்பாக வழிய, சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது.

முதல் ஆட்டம் போனதும் தீர்த்தகிரி ஓடி வந்தார்.

"பாய், கையெடுத்துக் கும்புடறேன், அந்த மைக்க நிறுத்தச் சொல்லுங்க. இன்னும் ரெண்டு ஆட்டம் இருக்குது, புடிச்சிடலாம்."

"நிறுத்திட்டா, ஆடறது நான்தான்னு எவனுக்குத் தெரியும்?"

"இப்ப எல்லாருக்கும் நல்லாத் தெரியுதுங்க."

முனாப்புக்குக் கோபம் தலைக்கேறியது. அர்ச்சுனன் பக்கம் திரும்பி, இன்னும் சத்தமாக என்று கையைத் தூக்கிக் காட்டினார். முகத்தில் சோடாவை அடித்துக் கழுவிக்கொண்டு போய் நின்றார். இரண்டாவது ஆட்டம் முதலாவதைவிடச் சீக்கிரம் முடிந்தது. தேர்வாளர்கள் மாதையனை எடுத்தார்கள். அது போகட்டும், தீர்த்தகிரியையும் எடுத்தார்கள்.

அடுத்த வாரம் முனாப் ரயிலேறிச் சேலத்துக் கண் டாக்டரிடம் போனார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். திரும்பும்போது கடைவீதியில் வெறும் கண்ணாடி போட்ட மூக்குக் கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "பார்வை இறங்கிப்போச்சு, இல்லன்னா மாவட்டம் நம்ம கையில" என்றார். சிலர் உச்சுக்கொட்டவும் செய்தார்கள்.

மனைவி பரிதா உச்சுக்கொட்டவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துணியால் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே முறத்தில் அரிசி புடைத்தாள்.

"ஏங்க, தீர்த்தகிரி அண்ணன் நாளைக்கு மாவட்ட ஆட்டத்துக்குப் போறாராம். நீங்களும் போய் ஓரமா நின்னு பாத்துட்டு வாங்க. அதான் இப்ப கண்ணாடி இருக்குதே."