வீட்டுக்கெல்லாம் ஒரே ஐடி

பாட்டுக்கு நடுவில்தான் அது வந்தது. என் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். தறிக்காலில் கட்டித் தொங்கவிட்ட பையில் அவருடைய போன் பழைய பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒரு பெண்ணின் குரல், பள்ளிக்கூட டீச்சர் மாதிரி கனிவாக, "மார்பில் கட்டி இருக்கிறதா? தாமதிக்காதீர்கள்" என்றது. பக்கத்துத் தறியில் இருந்த எனக்குக் கை நின்றுவிட்டது.

"இன்னா எழவு இது, நேத்துலேந்து இதே விளம்பரமா வந்துகினு இருக்குது" என்று சலித்துக்கொண்டு அவர் போனைத் தட்டினார். அடுத்த பாட்டு வந்தது. நான் சிரித்து வைத்தேன். என்ன சிரிப்பு அது என்று இப்போது நினைத்தாலும் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

கட்டி எனக்குத்தான் இருந்தது. அறுந்த இழையைப் பிணைக்க முன்னால் சாய்ந்தபோது, நெய்த சேலை சுருளும் படமரத்தில் மார்பு அழுந்தியது. ஏதோ உறுத்தியது. குளிக்கும்போது தடவிப் பார்த்தேன். இடது பக்கம், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, கொண்டைக்கடலை அளவுக்கு ஒன்று நகராமல் இருந்தது. வலி இல்லை. வலி இருந்திருந்தால் தைரியமாக இருந்திருப்பேன்.

எனக்கு எழுத்துக் கூட்டி டைப் அடிக்க நேரமாகும். அதனால் குளியலறைக் கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, போனை வாய்க்கு அருகில் பிடித்து ரகசியமாகப் பேசித்தான் வீடியோ தேடினேன். "மார்பில் வலி இல்லாத கட்டி." அடுத்த நாள் வேறொன்று. அதற்கடுத்த நாள், "ஊசி டெஸ்ட் வலிக்குமா." தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்ததால் வெளியில் யாருக்கும் கேட்டிருக்க முடியாது. என் போன், என் குரல், என் உடம்பு. அது எப்படி அவர் போனுக்குப் போனது?

அந்தச் சமயத்தில் என் மகளுக்கு ஆரணி டவுனில் ஒரு நல்ல இடம் கூடி வந்திருந்தது. பையன் பார்க்க லட்சணம், பேச்சில் மரியாதை. இரண்டு வீட்டுக்கும் பிடித்துவிட்டது, பூ வைக்க நாள் பார்ப்பதுதான் பாக்கி. சேவூரில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டில் கஷாயம் கொதிக்கும். தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று யாராவது ஒரு மகராசி அந்த வீட்டில் போய்ச் சொன்னால் போதும், பேச்சு அப்படியே நின்றுவிடும். நான் பார்த்த வீடியோக்களிலும் ஒரு டாக்டரம்மா கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்.

சம்பந்தம் போய்விடுமோ என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரியது இன்னொன்று. என்னவென்று தெரிந்த பிறகு, என் மகளை எதிரில் உட்காரவைத்து, நானே என் வாயால் அவளுக்குச் சொல்லவேண்டும். வேறு யாரும் சொல்லி அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள், தனியாக விடுதியில் இருக்கிறாள். இந்தச் செய்தியோடு அவளை அங்கே ராத்திரி தனியாகப் படுக்கவிட எனக்கு மனசில்லை.

ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற மொபைல் கடைக்குப் போனேன். எங்கள் வீட்டுக்கு முதல் போன் வாங்கியபோது மெயில் ஐடி போட்டுக் கொடுத்தவர் அந்தக் கடைக்காரர்தான். பிறகு எனக்கு ஒரு போன், மகளுக்கு ஒரு போன், கடைசியில் டிவி. ஒவ்வொரு தடவையும் அதே ஐடியைத்தான் போட்டார். "ஒரு வீட்டுக்கு எதுக்குக்கா நாலு ஐடி? ரேஷன் கார்டு மாதிரி ஒண்ணு போதும்" என்பார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு குடும்பம், ஒரு கார்டு, ஒரு ஐடி. பாஸ்வேர்டு மறந்தாலும் வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருக்கும். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடு இன்றைக்கும் இப்படித்தான்.

"ஒரு போன்ல தேடினது இன்னொரு போன்ல எப்படிப்பா வருது?" என்று, யாருக்காகவோ கேட்பது போலக் கேட்டேன்.

"ஐடி ஒண்ணுதானேக்கா. நீங்க தேடறது அந்த ஐடி கணக்குல போய் உக்காந்துக்கும். அந்த ஐடி எங்கெங்க இருக்குதோ அங்கெல்லாம் அதையே வச்சி விளம்பரம் வரும்."

"எங்க போனோம்னும் தெரியுமா?"

"லொகேஷன் ஆன்ல இருந்தா தெரியும்." கையை நீட்டினார். "குடுங்க, ஜல்தியா எல்லாத்தையும் கிளீன் பண்ணித் தரேன்."

கொடுத்தால் திறப்பார். திறந்தால் படிப்பார். நான் போனை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். கடையில் நின்றிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னாக்கா, உள்ள தங்கம் கிங்கம் வச்சிருக்கீங்களா?"

"ஆமா, ஒரு சவரன் இருக்குது. நீ வாயால சொல்லு, நானே அமுக்கறேன்."

அவர் சொல்லச் சொல்ல நானே செய்தேன். புது ஐடி ஒன்று உண்டாக்கினேன். பழையதை என் போனிலிருந்து எடுத்தேன். லொகேஷனை அணைத்தேன். எந்தெந்த ஆப் என் பேச்சைக் கேட்கலாம் என்று ஒரு பக்கம் வந்தது. டார்ச் லைட் ஆப்புக்கும் என் பேச்சு வேண்டியிருந்தது. லைட்டுக்கு எதற்குடா காது என்று வாய்விட்டே திட்டிவிட்டு எல்லாவற்றையும் மூடினேன். கடைக்காரர் பழையதை அழிப்பது பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார், அதற்குள் சேவூர் பஸ் வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறினேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தபோது, எவனையோ கோர்ட்டில் ஜெயித்துவிட்டு வருகிற மாதிரி இருந்தது.

வீட்டைக் காலிசெய்து போவதால் பழைய வீட்டுச் சுவரில் எழுதியது அழிந்துவிடாது. இது அப்போது எனக்குப் புரியவில்லை.

புடவை கொடுத்துவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லி வேலூருக்குப் போனேன். லொகேஷனை அணைத்திருந்தும் நம்பிக்கை வராமல் போனை அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டுப் போனேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். வலித்தது, ஆனால் அந்த வலி ஒன்றும் பெரிதில்லை. வெளியே கவுண்டரில் இருந்த பெண் போன் நம்பர் கேட்டபோதுதான் எனக்கு வியர்த்தது.

"மெசேஜ் அனுப்பாதீங்கம்மா. நானே நேர்ல வந்து வாங்கிக்கறேன்" என்றேன்.

"நம்பர் போடாம சிஸ்டம் எடுக்காதுங்க" என்றாள், தலையைத் தூக்காமல்.

கொடுத்தேன். வேறு வழி? வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். அன்று முதல் என் போன் ஒரு தடவை முனகினாலும் ஓடிப்போய் எடுத்துப் பார்ப்பேன். காஸ் சிலிண்டர் மெசேஜுக்கெல்லாம் பதறியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்டார். "போன வச்சிட்டுப் போயிட்டியா? கூப்டா அரிசி டப்பா மணி அடிக்குது."

"மறந்துட்டேங்க."

"அரிசி டப்பாலயா?"

நான் உலை வைக்கப் போனேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டார்.

வியாழனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்தார்கள், பையனுடைய அம்மாவும் அப்பாவும் மட்டும். முகூர்த்தப் புடவை எங்கள் தறியில்தான் நெய்வது என்றும், மாதிரியை மாமியார் சொல்வது என்றும் பேச்சு. மகள் சனிக்கிழமையே வந்திருந்தாள். அவள் முகம் இளைத்திருந்தது, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. கல்யாணக் கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

காபி ஆனது. ஆண்கள் இருவரும் தறியைப் பார்க்க உள்ளே போய்விட்டார்கள். நான், மகள், வருங்காலச் சம்பந்தியம்மா மூவரும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். என் போனில் இருந்த மாதிரிப் படங்களைக் காட்டினேன். அந்த அம்மாவுக்குத் திருப்தியில்லை.

"போன்ல எல்லாம் கடுகு மாதிரி தெரியுது. டிவில போட்டுக் காட்டு பாப்பா. அன்னம் போட்ட முந்தி ஒண்ணு வீடியோல வந்துது, அந்த மாதிரி."

மகள் ரிமோட்டை எடுத்தாள். வீடியோவைத் திறந்து தேடுகிற இடத்துக்குப் போனாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிவி. டிவியில் இருப்பது அந்தப் பழைய ஐடி. வாயைத் திறப்பதற்குள் திரையில் வந்துவிட்டது, நான் குழாயைத் திறந்துவிட்டு ரகசியமாகச் சொன்னதெல்லாம், பெரிய பெரிய தமிழ் எழுத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக. மார்பில் வலி இல்லாத கட்டி. கட்டி நகராமல் இருந்தால். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வருமா.

எழுந்து போய்ச் சுவிட்சை அணைக்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் கையிலிருந்த போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சம்பந்தியம்மா கண்ணைச் சுருக்கினார். மடியைத் தடவினார், கைப்பையைத் தடவினார். "கண்ணாடிய வூட்லயே வச்சிட்டு வந்துட்டேன். இன்னா பாப்பா எழுதியிருக்குது, படி."

மகள் திரையைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் குரல் கொஞ்சமும் பிசகவில்லை. "அன்னம் முந்தி, மாங்கா புட்டா, ரெட்டைப்பேட்டு கரை. முன்னாடி நாங்க பாத்த புடவைங்கதான் அத்தை." படித்துக்கொண்டே விரலால் எதையோ அமுக்கினாள். எழுத்துகள் போய் ஒரு சிவப்புப் புடவை வந்தது. "இதுவா பாருங்க."

"இதே மாதிரிதான்" என்றார் அந்த அம்மா. "ஆனா இந்தச் சிவப்பு வேணாம், அரக்கு போடுங்க."

கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "உடம்பப் பாத்துக்கோங்க, ரொம்ப எளச்சிட்டீங்க" என்றார். எல்லோரும் விடைபெறும்போது சொல்வதுதான். அவருக்கு எவ்வளவு தூரம் கண் தெரியும் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் சமையலறைக்குப் போனேன். மகள் காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் பயந்திருப்பாள், அழுவாள், நான் தேற்ற வேண்டும் என்று தயாராகப் போனேன். அப்போதுதான் புத்தியில் பட்டது. திரையைப் பார்த்து அவள் திடுக்கிடவே இல்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

அவள் திரும்பவில்லை. "மொதல் நாளே தெரியும். என் போன்ல ஆபீஸ் ஐடியும் இருக்குது, நம்ம வீட்டு ஐடியும் இருக்குது. பஸ்ல பாட்டு கேக்கலாம்னு தொறந்தேன். நீ தேடினது எல்லாம் இருந்துது."

எனக்கு வந்தது கோபம்தான். மறைக்காமல் சொல்கிறேன், பாசமெல்லாம் பிறகுதான் வந்தது. நான் யாருக்கும் காட்டாத பயத்தை இவள் பஸ்ஸில் உட்கார்ந்து படித்திருக்கிறாள். உடம்பில் துணியில்லாமல் தெருவில் நின்ற மாதிரி கூசியது.

"அப்ப ஏண்டி கேக்கல? திருட்டுத்தனமா பாத்துகினு இருந்தியா?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். நீ ஒளிச்சி வச்சிருக்கறத நான் எப்படிம்மா கேக்கறது?" டம்ளரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "தெனமும் பாப்பேன். ஊசி டெஸ்ட் வலிக்குமான்னு கேட்டிருந்த. சரி, அம்மா டாக்டராண்ட போவப்போவுதுன்னு அன்னைக்குக் கொஞ்சம் தூங்கினேன். அப்புறம் திடீர்னு எல்லாம் நின்னுபோச்சி. ஒண்ணுமே வரல. நல்லாயிடுச்சின்னு விட்டுட்டியா, இல்ல, இனிமே தேடறதுக்கே ஒண்ணும் இல்லன்னு விட்டுட்டியா? யாரக் கேப்பேன் நான்? அன்னையிலேந்து எனக்குத் தூக்கமே இல்லம்மா."

மொபைல் கடையிலிருந்து நான் ஜெயித்துவிட்டு வந்த நாள் அது. உலகத்திலிருந்து என்னை மறைத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். மறைந்தது இவள் ஒருத்தியிடமிருந்துதான். விளம்பரம் மட்டும் வீட்டில் ஓடிக்கொண்டே இருந்தது.

அன்று மாலை என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். வியாழக்கிழமை மூன்று பேரும் சேர்ந்து போனோம், கெட்ட கட்டி இல்லை என்றார்கள், பழைய ஐடியை மகள் முழுக்க அழித்தாள், கல்யாணமும் நடந்தது. இதெல்லாம் பிறகு. சமையலறையில் அந்த நேரத்தில் எங்கள் இருவருக்கும் எதுவும் தெரியாது.

அவளிடம் எப்படி ஆரம்பிப்பது, எந்த வார்த்தை சொல்வது என்று நாள் கணக்கில் மனசுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தேன். ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவளுடைய ஈரக் கையைப் பிடித்து, இடது பக்கம், அக்குளுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன்.

"இங்கதாண்டி."

அவள் விரல் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அப்படியே நின்றது. அழுத்தக்கூட பயந்தாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல" என்றேன். என் வீட்டில் ஒருவர் வாயைத் திறந்து என்னிடம் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.