உதவிக் குருவின் பிரசங்கம்

அந்த ஞாயிறு எங்கள் சிட்னிக் கோவிலின் கடைசி வாங்கில் மூன்று புதுமுகங்கள் உட்கார்ந்திருந்தார்கள். சித்தி என் கையைக் கிள்ளினார். தங்கள் கோவிலுக்குக் குருவைத் தேடும் வேறு பங்குக்காரர் இங்கே அப்படித்தான் சொல்லாமல் வந்து, பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, சொல்லாமலே போவார்கள். அன்று அவர்கள் பார்க்க வந்தது என் சித்தப்பாவை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் தனியாக ஒரு பங்கையே நடத்திய ஆங்கிலிக்கன் குரு சித்தப்பா. இங்கே வந்த நாள்முதல் உதவிக் குருதான். கலியாணங்களைத் தலைமைக் குரு வைத்துக்கொள்வார். லிட்கம் பக்கத்து இடுகாட்டில், ஒருவரும் வராத கிழவர்களின் அடக்கமெல்லாம் சித்தப்பாவுக்கு. குடியிருந்த வீடும் கோவிலுடையது. ஆஸ்பத்திரியில் தாதி வேலை பார்த்துக்கொண்டு நானும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருந்தேன். சொந்தப் பங்கு கிடைத்தால்தான் அவர் இந்த நாட்டில் காலூன்றலாம்.

மனுசனுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் ஏதோவொரு கிராமத்தில், வாழ்நாள் முழுக்க உதவிக் குருவாகவே கிடந்து செத்த ஒரு பாதிரியார். தலைமைக் குரு நகரத்தில் இருந்தபடி சம்பளம் வாங்க, சேற்றில் நடந்து ஞானஸ்நானம் கொடுத்ததும் பிணம் அடக்கியதும் இவர். நூலகம் நூலகமாக ஏறி சித்தப்பா அவரைப் படித்தார். எங்கள் சாப்பாட்டு மேசையில் அந்தப் பாதிரியாரும் ஓர் ஆள்.

"இண்டைக்கு மட்டும் அந்தாளை விடுங்கோ," என்று சித்தி காலையில் கெஞ்சியிருந்தார்.

"பொறுமைக்கு அவரை விட்டா வேற ஆரைச் சொல்லுறது?" என்றார் சித்தப்பா.

பிரசங்கத்தில் அந்தப் பாதிரியாரைப் பற்றியே பேசினார். உருகிப் பேசினார். முறைப்பாடாக ஒரு சொல் இல்லை. ஆனால் சம்பளம் ஒருவருக்கு, வேலை இன்னொருவருக்கு என்று வந்த இடத்தில் எங்கள் தலைமைக் குருவின் கழுத்து சிவந்தது. கடைசி வாங்கிலிருந்த மூவரும் அவரைத்தான் பார்த்தார்கள். சித்தப்பா தன் கதையைத்தான் சொல்கிறார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சித்தப்பாவுக்கு அது கடைசிவரை விளங்கவில்லை.

அந்தப் பங்கு, சித்தப்பாவே பழக்கிவிட்ட ஓர் இளம் குருவுக்குப் போனது. அடுத்த குளிர்காலம், யாரோ ஒரு கிழவரின் அடக்கத்தில் மழையில் நனைந்து வந்த சித்தப்பா நிமோனியாவில் போய்விட்டார். கோவில் நிறையச் சனம். நல்ல வார்த்தைகள் நிறையச் சொன்னார்கள். பிறகு, புது உதவிக் குரு குடும்பத்தோடு வருகிறார், மாத முடிவுக்குள் வீட்டை விட்டுத் தந்தால் உதவியாக இருக்கும் என்றார்கள் கோவில்காரர். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

குசினியில் கோப்பைகளைக் கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்த சித்தி நிமிர்ந்தார்.

"இத்தனை வருசமா அந்தப் பாதிரியைப் பற்றியே கதைச்சார், பிள்ளை. அந்தாள் கண்ணை மூடினாப் பிறகு அவற்ற பெண்சாதி எங்க போனவ எண்டு ஒருநாளும் சொல்லேல்லை."