ஸ்டெல்லா அக்காவின் மண்பாதை

ஸ்டெல்லா அக்கா இன்று விடியற்காலை இறந்துவிட்டார். ஹார்ட் அட்டாக். மணவாள நகரிலிருந்து அவர் தம்பி போன் செய்தார்...

எங்கள் லேண்ட்ஸ்கேப் டிசைன் ஆபீஸில் என் பக்கத்து சீட். ஒரு இடத்தில் லாரி எப்படிப் போக வேண்டும், ஆள் எப்படி நடக்க வேண்டும், மழைத்தண்ணீர் எப்படி ஓட வேண்டும் என்று பிளான் போடுவதுதான் எங்கள் வேலை.

கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு ஃபேக்டரி. ஒரு மழை பார்க்காமல் பிளானில் கோடு போட மாட்டேன் என்று அக்கா அடம்பிடித்தார். மழை வந்ததும் குடையோடு போய் நின்றார், என்னையும் இழுத்துக்கொண்டு.

"தண்ணி எங்க போவுதுன்னு பாத்துக்கோ. அதுக்கு வழி உட்டுட்டு அப்பறம் லாரிக்கு ரோடு போடலாம்."

எனக்கு ஜுரம் வந்ததுதான் மிச்சம் என்று அன்றைக்குத் திட்டினேன்.

அங்கே ஷிஃப்ட் முடிந்ததும் பெண்கள் லாரிகளுக்கு நடுவில் புகுந்துதான் பஸ் ஸ்டாப்புக்கு ஓடுவார்கள். அக்கா அப்போதிருந்த ஃபேக்டரி மேனேஜரையே அந்தக் கூட்டத்துக்குள் கூட்டிப்போனார். "வாங்க சார், ஒரு தபா எங்க கூட நடந்துதான் பாருங்களேன்."

ரிவர்ஸ் எடுத்த லாரி ஒன்று மேனேஜரை உரசிக்கொண்டு நின்றது. மனுஷன் வெலவெலத்துப் போய்விட்டார்.

அன்றைக்கே தனி நடைபாதை ஓகே ஆனது. கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை, இரண்டு பக்கமும் புங்க மரம். தண்ணீர் இறங்க வேண்டும் என்று சிமெண்ட் போடாமல் மண்ணும் சரளையுமாக விட்டார்.

அதுதான் இப்போது வினையாகிவிட்டது. புது மேனேஜர் கண்ணுக்கு அது காலி இடம். டிரெய்லர் நிறுத்தக் கேட்கிறார்கள்.

போன வாரம் அக்கா ஆபீஸே அதிரக் கத்தினார். "சிமெண்ட் போடலன்னா அது வழி இல்லியா? இன்னா நியாயம் இது? மீட்டிங்ல நான் பேசிக்கிறேன்."

அந்த மீட்டிங் நாளை காலை, ஃபேக்டரியில். அதே நேரத்தில்தான் அடக்கம்.

பாஸ் சொல்கிறார்: "அவங்களே இல்ல, இனிமே யாருக்கோசரம் இழுத்துக்கினு இருக்க? டிராயிங்க மாத்திக் குடுத்துடுமா."

பாத்ரூமில் போய் அழுதேன்.

அவரைப் போல எனக்குப் பேச வராது. தோற்றுவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது... ஆனால் நானும் போகாவிட்டால் அந்தப் பெண்களுக்காகப் பேச அங்கே ஒருத்தரும் இல்லை.

அக்கா, ஒரு பிடி மண் போட நான் வரவில்லை. கும்மிடிப்பூண்டிக்குப் போகிறேன்.

போய்ட்டு வாங்க அக்கா...